மூக்கடைப்பும் முக்குளிப்பும்: வாசகர் கேள்வி – பதில்

ஸ்கூபா, அதாவது காற்று டேங்கைச் சுமந்து நீருக்குள் மூச்சுவிட்டு முக்குளிப்பது, பழகும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்கள் பலவும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: "உடம்பு கொஞ்சம் சரியில்லை. இறங்கலாமா, வேண்டாமா?" சளி, இருமல், காதுவலி, வயிற்றுப்போக்கு என்று காரணம் மாறும்போது பதிலும் மாறுகிறது. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே எடுத்துக்கொள்வோம்.

முக்குளிக்கும் நாளுக்கு முந்தைய நாள் ஜலதோஷம் பிடித்துவிட்டது. காய்ச்சல் இல்லை, உடம்பு வலி இல்லை. மூக்கில் ஒரு பக்கம் மட்டும் அடைப்பு. 12 மீட்டர் ஆழம்தான் திட்டம். போகலாமா?

ஆழத்தை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். காதுக்குச் சிக்கல் வருவது 12 மீட்டரில் அல்ல, முதல் இரண்டு மீட்டரில். நீர்மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள அழுத்தம் 1 வளிமண்டலம். கடலில் 10 மீட்டர் இறங்கினால் 2, 20 மீட்டரில் 3. மேலே ஒரு லிட்டராக இருந்த காற்று 10 மீட்டரில் அரை லிட்டராகிவிடும். இன்னொரு 10 மீட்டர் போனால் மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும். அதாவது மேல்பகுதியில்தான் மாற்றம் வேகமாக நடக்கிறது. மூன்று மீட்டர் ஆழமுள்ள பயிற்சிக் குளத்திலேயே செவிப்பறை கிழியலாம்.

செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்ற சிறிய காற்றறை இருக்கிறது. அதற்கு ஒரே வாசல், மூக்கின் பின்புறத்தில் போய்த் திறக்கும் யூஸ்டேஷியன் குழாய். பெரியவர்களுக்கு அதன் நீளம் சுமார் 3.5 செ.மீ. அது சாதாரணமாக மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் கணநேரம் திறந்து மூடும். குழாயின் உள்ளே இருப்பதும் மூக்கில் இருப்பதைப் போன்ற சவ்வுதான். ஜலதோஷத்தில் மூக்குச் சவ்வு வீங்கினால் குழாயின் வாயும் கூடவே வீங்கும்.

ஒரு மீட்டர் கடல்நீரின் அழுத்தம் ஏறத்தாழ 76 மி.மீ. பாதரசம். காதைச் சமன்செய்யாமல் 1.2 மீட்டர் இறங்கினால் செவிப்பறையின் இரு பக்கத்துக்கும் இடையே வித்தியாசம் 90 மி.மீ.யைத் தொட்டுவிடும். அப்போது குழாயின் மெல்லிய வாய் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். தொண்டைத் தசைகள் எவ்வளவு இழுத்தாலும் திறக்காது. மேலும் இறங்கினால் நடுச்செவியின் ரத்தநாளங்கள் புடைத்துக் கசியும், அறையில் நீரும் ரத்தமும் கட்டும், அல்லது செவிப்பறை கிழியும்.

ஒரு பக்க மூக்கடைப்பு மட்டுமே என்றால் அதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. நலமாக இருப்பவர்களுக்கும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு நாசி சற்று அடைத்து, மற்றது திறந்து, பிறகு மாறிக்கொள்ளும். காதைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். காலையில், எந்த மருந்தும் எடுக்காமல் சோதியுங்கள். மூக்கை விரலால் மூடிக்கொண்டு எச்சில் விழுங்குங்கள். இரண்டு காதிலும் 'டக்' என்று கேட்கிறதா? பிறகு மூக்கை மூடியபடியே, முகம் சிவக்காத அளவுக்கு மிக மென்மையாக ஊதுங்கள். இரண்டு காதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் திறக்கின்றனவா, ஒன்று பின்தங்குகிறதா? அடுத்து, தரையில் கிடக்கும் பொருளை எடுப்பதுபோல் குனிந்து பத்து நொடி இருங்கள். நெற்றி கனத்தாலோ, கன்னம் குத்தினாலோ, மேல்வரிசைப் பற்கள் கூசினாலோ சைனஸ் அறைகளிலும், அதாவது மூக்கைச் சுற்றிய எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளிலும், அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

இதில் ஒன்று தவறினாலும் அன்றைக்கு இறங்கக் கூடாது. உங்கள் விஷயத்தில், சோதனையில் தேறினாலும் தள்ளிப்போடுவதே சரி. ஜலதோஷம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. வீக்கம் பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். காலையில் 'டக்' என்ற காது மதியம் படகில் ஏறும்போது மூடியிருக்கலாம். மருந்தில்லாமல் மூக்கு தெளிந்து, இதே சோதனையில் தொடர்ந்து இரண்டு நாள் காலை தேறினால் போங்கள். பெரும்பாலோருக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

மூக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் மூக்கு திறந்துவிடுகிறது. எங்கள் குழுவில் பலரும் அப்படித்தான் இறங்குகிறார்கள். அதில் என்ன தவறு?

இறங்கும்போது ஒரு தவறும் தெரியாது. ஆபத்து திரும்பி ஏறும்போது.

ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் போன்ற ஸ்ப்ரேக்கள் மூக்குச் சவ்வின் ரத்தநாளங்களைச் சுருக்கி வீக்கத்தை வற்றச் செய்கின்றன. நோய் அப்படியேதான் இருக்கிறது, வீக்கம் மட்டும் தற்காலிகமாக அடங்கியிருக்கிறது. பெட்டியில் 10 மணி நேரம், 12 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் எல்லா மூக்கிலும் எல்லா நாளும் அது நிற்பதில்லை. மாஸ்க்குக்குள் நுழையும் உப்புநீரும் சவ்வை உறுத்தி மறுபடி வீங்கச் செய்யும். சூடோஎபெட்ரின் மாத்திரை, நீண்டநேர வகையாக இல்லாவிட்டால், 4 முதல் 6 மணி நேரம் வேலை செய்யும். காலை உணவோடு விழுங்கிவிட்டு இரண்டாவது முறை இறங்கும்போது அதன் வேகம் குறையத் தொடங்கியிருக்கும்.

இப்போது நீங்கள் 18 மீட்டரில் இருக்கிறீர்கள். காதும் சைனஸும் அந்த அழுத்தத்துக்கு ஏற்ற காற்றால் நிரம்பியிருக்கின்றன. மருந்தின் பிடி விட்டு வாசல் மூடிக்கொள்கிறது. மேலே வர வர அந்தக் காற்று விரியும், வெளியேற வழி இருக்காது. செவிப்பறை வெளிப்பக்கம் புடைக்கும், நெற்றி பிளப்பதுபோல் வலிக்கும். ஒரு காது திறந்து மற்றது அடைத்திருந்தால் தலை சுற்றி மேல் கீழ் தெரியாமல் போகும். இறங்கும்போது அடைத்தால் பயணத்தையே விட்டுவிட்டுத் திரும்பலாம். ஏறும்போது அடைத்தால் எப்படியும் ஏறித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் டேங்கில் காற்று தீர்ந்துகொண்டே இருக்கும். மருந்தோடு இறங்குவதை நாங்கள் ஏற்காததற்குக் காரணம் இதுதான். இறங்க முடிகிறதா என்பது பாதிக் கேள்வி, ஏறி வரும்போதும் வழி திறந்திருக்குமா என்பது மீதிப் பாதி. அந்த மீதிக்கு எந்த ஸ்ப்ரேயும் உறுதி தராது.

அப்படி மாட்டிக்கொண்டால் ஏறுவதை நிறுத்துங்கள். வலி குறையும்வரை அரை மீட்டரோ ஒரு மீட்டரோ கீழே இறங்குங்கள். தாடையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசையுங்கள். மூக்கை மூடிக்கொண்டு எச்சில் விழுங்குங்கள். பிறகு மிக மெதுவாக ஏறுங்கள், வலித்தால் மறுபடி சற்று இறங்குங்கள். எந்தக் காரணத்துக்காகவும் மூக்கை மூடி ஊதாதீர்கள். ஏற்கெனவே உள்ளே மிகுந்திருக்கும் காற்றோடு இன்னும் காற்று சேர்ந்துவிடும். கூட்டாளிக்குச் சைகை காட்டி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று குறைந்துகொண்டு வந்தால் வலியோடாவது ஏறிவிட வேண்டும். கிழிந்த செவிப்பறை ஆறும்.

இன்னும் இரண்டு விஷயம். இந்த ஸ்ப்ரேக்களை மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்து நின்றதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். ஒரு வாரப் பயணம் முழுக்க ஸ்ப்ரேயை நம்புகிறவர்களுக்குக் கடைசி இரண்டு நாளில் நடப்பது இதுதான். சூடோஎபெட்ரின் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் கூட்டும், நரம்பு மண்டலத்தைக் கிளறிவிடும். ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த நைட்ராக்ஸ் காற்றில் இறங்குபவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது. ஆழத்தில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் உயரும்போது வரும் வலிப்பு அபாயத்தோடு அதுவும் சேரலாம் என்ற கவலை முக்குளிப்பு மருத்துவர்களிடம் நெடுநாளாக உண்டு.

என் மகளுக்கு 13 வயது. வருடம் முழுக்கத் தும்மல், மூக்கில் நீர். ஒவ்வாமை என்கிறார்கள். அப்படியென்றால் அவளால் ஸ்கூபா பழகவே முடியாதா?

பழகலாம். ஒவ்வாமை என்ற பெயரைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டாம், முக்குளிக்கும் அன்று மூக்கும் காதும் எப்படி இருக்கின்றன என்பதைப் பாருங்கள். ஒவ்வாமைக்குத் தரப்படும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்கள், அதாவது புளூட்டிகசோன், மோமெட்டசோன் வகைகள், மேலே சொன்ன ஸ்ப்ரேக்கள் போன்றவை அல்ல. அவை வீக்கத்துக்குக் காரணமான அழற்சியையே தணிக்கின்றன. அடித்த பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது, முழுப் பலன் கிடைக்க ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். தினமும் போட்டு வந்தால் இரண்டு மணி நேரத்தில் திடீரென்று கைவிட்டுவிடாது. அதனால் பயிற்சி தொடங்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துத் தொடங்குங்கள்.

தும்மலுக்கு மாத்திரை தேவைப்பட்டால் தூக்கம் வரவழைக்காததாகக் கேளுங்கள். குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய வகைகள் மந்தமாக்கும். 20 மீட்டருக்குக் கீழே போகப் போக நைட்ரஜன் தரும் மயக்கமும் அதோடு சேர்ந்துகொள்ளும். லொராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்றவை பெரும்பாலோருக்குத் தூக்கம் தருவதில்லை. எந்த மாத்திரையானாலும் முதல் முறை நிலத்தில், விடுமுறை நாளில் போட்டுப் பார்க்க வேண்டும், படகில் அல்ல.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பழக்கம். ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தாதீர்கள். நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த நீர், அல்லது வாலை வடித்த நீர்தான் வேண்டும். சுத்திகரிக்காத நீரில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரைப் பறித்திருக்கிறது.

சிறுவர்களுக்கு யூஸ்டேஷியன் குழாய் பெரியவர்களைவிடக் குறுகலாகவும் சாய்வு குறைவாகவும் இருப்பதால் காது எளிதில் அடைக்கும். உங்கள் மகள் "காது ஒரு மாதிரி இருக்கு" என்றால் அந்தச் சொல்லே போதும், அன்றைய வகுப்பு கரையில் நடக்கட்டும். அவளுக்கு வீசிங்கும் இருந்திருந்தால் அது வேறு விஷயம். நுரையீரல் பரிசோதனை முடித்து மருத்துவர் எழுதித் தராமல் குளத்தில்கூட இறக்க வேண்டாம்.

காது திறக்க எவ்வளவு பலமாக ஊதலாம்?

பலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மூக்கை மூடி ஊதும் முறையை 1704இல் எழுதிவைத்தவர் இத்தாலிய உடற்கூறு வல்லுநர் வால்சால்வா. நடுச்செவியில் கட்டிய சீழை வெளியேற்ற அவர் சொன்ன வழி அது, முக்குளிப்பவர்களுக்காகச் சொன்னதல்ல. பலமாக ஊதும்போது நெஞ்சின் அழுத்தம் தலைக்குள்ளும் ஏறும். அங்கிருந்து உட்செவிக்குப் பரவி, நடுச்செவிக்கும் உட்செவிக்கும் இடையே இருக்கும் வட்டச் சாளரம் என்ற மெல்லிய சவ்வைக் கிழித்துவிடலாம். காதில் இரைச்சல், தலைசுற்றல், கேட்கும் திறன் குறைவு, சிலருக்கு நிரந்தரமாகவே. செவிப்பறைக் கிழிசலைவிட இது பல மடங்கு கொடியது.

பாதுகாப்பான வழிகள் உண்டு. டாயின்பீ முறை: மூக்கை மூடி எச்சில் விழுங்குவது. ஃப்ரென்சல் முறை: மூக்கை மூடி, மூச்சைத் தொண்டையிலேயே நிறுத்தி, 'க்' என்று சொல்லப்போவதுபோல் நாக்கின் பின்பகுதியை மேலே தூக்குவது. நாக்கு ஒரு பிஸ்டன்போல மூக்கின் பின்னால் இருக்கும் காற்றை மட்டும் தள்ளும், நெஞ்சு அசையாது. கண்ணாடி முன் நின்று பழகினால் ஒவ்வொரு முறையும் நாசி மடல்கள் லேசாகப் புடைப்பது தெரியும். தினம் சில நிமிடம் பழகினால் சில வாரத்தில் வசப்படும்.

நீரில் இறங்கும் முன்பே ஒருமுறை சமன்செய்துவிடுங்கள். தலைகீழாகப் போகாமல் கால் கீழே இருக்க, நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்குங்கள். தலைகீழாக இருந்தால் தலையில் ரத்தம் தேங்கிச் சவ்வு வீங்கும். முதல் ஐந்து மீட்டருக்கு அரை மீட்டருக்கு ஒருமுறை சமன்செய்யுங்கள். வலிக்கும்வரை காத்திருக்கக் கூடாது, வலி வந்தால் நேரம் தவறிவிட்டது என்று அர்த்தம். திறக்கவில்லையா, ஒரு மீட்டர் ஏறி, அங்கே முயன்று, மறுபடி இறங்குங்கள். மூன்று முறை பார்த்தும் வழிவிடவில்லை என்றால் படகுக்குத் திரும்பிவிடுங்கள்.

மூக்கு சரியாகிவிட்டது. நெஞ்சில் மட்டும் கொஞ்சம் கபம், இருமல். காது நன்றாகத் திறக்கிறது. இப்போது போகலாம்தானே?

கூடாது. காதும் சைனஸும் கெட்டால் பெரும்பாலும் வலி, ரத்தம், சில வாரச் சிகிச்சையோடு போகும். நுரையீரல் கெட்டால் உயிருக்கே ஆபத்து.

சிறு மூச்சுக்குழல் ஒன்றில் கபக்கட்டி உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். மூச்சை இழுக்கும்போது குழல் சற்று விரிவதால் காற்று அதைத் தாண்டி உள்ளே போய்விடும். விடும்போது குழல் சுருங்க, கபம் அடைப்பான்போல மூடிக்கொள்ளும். 10 மீட்டரில் இப்படிச் சிக்கிய காற்று நீர்மட்டத்துக்கு வரும்போது இரு மடங்காகும். நீங்கள் மூச்சை அடக்காமல் ஒழுங்காக விட்டுக்கொண்டே ஏறினாலும் அந்த மூலையில் இருக்கும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. காற்று நுண்ணறைகள் கிழியும். காற்று நுரையீரலைச் சுற்றியுள்ள இடைவெளியில் புகுந்தால் நுரையீரல் சுருங்கிப்போகும். ரத்தத்தில் புகுந்தால் குமிழிகள் மூளைக்குப் போகும். நுரையீரல் நிறையக் காற்றை அடக்கிக்கொண்டு ஏறுபவருக்கு ஒன்றரை மீட்டர்கூட வேண்டாம் இது நடக்க, அதனால் ஆழம் குறைவு என்ற சமாதானம் இங்கேயும் எடுபடாது.

மேலே வந்த சில நிமிடங்களில் நினைவு தப்பினாலோ, ஒரு பக்கம் கைகால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு வலித்து மூச்சு திணறினாலோ உடனே படுக்கவைத்து, இருப்பதிலேயே உச்ச அளவில் ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறைச் சிகிச்சை உள்ள மருத்துவமனையோடு பேச வேண்டும். சரியாகிவிட்டதுபோலத் தெரிந்தாலும் கொண்டுபோக வேண்டும். சற்றுத் தேறி மறுபடி மோசமாவது இதில் உண்டு.

இருமல் முற்றிலும் நின்று, மாடிப்படி வேகமாக ஏறினாலும் இருமலோ வீசிங்கோ வராத நிலை வரட்டும். நிமோனியா வந்து போயிருந்தால் அது மட்டும் போதாது, எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகே இறங்க வேண்டும்.

முக்குளித்து வந்து மாஸ்க்கைக் கழற்றினால் உள்ளே ரத்தம் கலந்த சளி. வலி எதுவும் இல்லை. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் சைனஸ்தான். காதுக்குச் செவிப்பறை என்ற தளர்வான சுவர் இருக்கிறது, சைனஸ் அறைகளுக்கு எல்லாப் பக்கமும் எலும்பு. வாசல் அடைத்தபடி இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி வெற்றிடம்போல் இழுக்கும். எலும்பு சுருங்காது, ஆகவே சவ்விலிருந்து நீரும் ரத்தமும் கசிந்து அந்த இடத்தை நிரப்பும். ஏறும்போது விரியும் காற்று அதை மூக்கு வழியாகத் தள்ளிவிடும். அதைத்தான் மாஸ்க்கில் பார்த்தீர்கள். நெற்றிச் சைனஸில் இது அதிகம்.

சிறிதளவு, ஒரே முறை, பிறகு நின்றுவிட்டது என்றால் அன்றைக்கு முக்குளிப்பை நிறுத்துங்கள், மூக்கைச் சீந்தாதீர்கள். மூக்கு தெளிந்து ஒரு வாரமாவது ஆகட்டும். அடிக்கடி இப்படி ஆகிறதென்றால் சைனஸ் வாசலை அடைக்கும் சதை வளர்ச்சியோ, மூக்கின் நடுத்தண்டு வளைவோ இருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். கன்னமும் மேலுதடும் மரத்துப்போனால், கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை மங்கினால், கடுந்தலைவலியோடு காய்ச்சல் வந்தால் அன்றே போங்கள். ரத்தம் மூக்கிலிருந்து வராமல் இருமும்போது நுரையாக வந்தால் நுரையீரல் பிரச்சினை, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மூக்கடைப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு, பலரும் யோசிக்காதது. மாஸ்க்குக்குள் இருக்கும் காற்றும் இறங்கும்போது சுருங்கும். மூக்கு வழியாகச் சிறிது காற்றை விட்டுத்தான் அதைச் சரிசெய்கிறோம். மூக்கே அடைத்திருந்தால் மாஸ்க் முகத்தை உறிஞ்சிப் பிடித்து, கண்வெள்ளை ரத்தமாகச் சிவந்து, கண்ணைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கன்றிப்போகும்.

நேற்றுவரை காய்ச்சல். இன்று இல்லை. நாளை போகலாமா? வயிற்றுப்போக்கு என்றால் எத்தனை நாள் காத்திருப்பது?

காய்ச்சல் மாத்திரை இல்லாமல் காய்ச்சலற்ற இரண்டு மூன்று நாள் போகட்டும். சாப்பாடு வழக்கம்போல் இறங்க வேண்டும், வேகமாக நடந்தால் களைக்கக் கூடாது. காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் உடம்பில் நீர் வற்றுகிறது. ரத்த ஓட்டம் குறைந்தால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதும் தடைப்படும், ஏறும்போது அந்த நைட்ரஜன் உடம்புக்குள் குமிழிகளாவதால் வரும் அழுத்தத் தளர்வு நோய்க்கு இது இடம்கொடுக்கும் என்றே கருதப்படுகிறது. வயிற்றுப்போக்கு நின்று ஒரு முழு நாள் ஆகி, சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போகும்வரை தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் குடியுங்கள்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அழுத்தத் தளர்வு நோயின் அறிகுறிகள் என்னென்ன? அளவுக்கு மீறிய களைப்பு, மூட்டுவலி, தலைவலி, தலைசுற்றல், குமட்டல். காய்ச்சல் விட்ட உடம்பிலும் இவையே இருக்கும். மாலையில் தோள்பட்டை வலித்தால் "காய்ச்சல் அசதி" என்று படுத்துவிடுவீர்கள். உடனே ஆக்சிஜன் தர வேண்டிய நேரம் தூக்கத்தில் போய்விடும்.

காதுக்குள் தண்ணீர் போகாமல் நீச்சல் அடைப்பான் வைத்துக்கொண்டு இறங்கலாமா? காதுத் துளையில் புண், மடலை இழுத்தால் வலிக்கிறது.

அடைப்பான் எப்போதும் கூடாது. அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் நடுவே காற்று மாட்டிக்கொள்ளும், அதைச் சமன்செய்ய வழியே கிடையாது. இறுக்கமான தலையுறையும் இதையே செய்யும், இறங்கும் முன் அதற்குள் சிறிது நீர் விட்டுக்கொள்ள வேண்டும். மடலை இழுத்தால் வலிப்பது வெளிச்செவித் தொற்று. காது நன்றாகத் திறந்தாலும், சொட்டு மருந்து முடிந்து வலி முழுதும் போகும்வரை நீரில் இறங்க வேண்டாம். காது குடையும் பஞ்சுக்குச்சியை விட்டுவிட்டாலே பலருக்கு இது திரும்பி வராது.

படகு ஆட்டத்தில் எனக்குக் குமட்டும். தண்ணீருக்குள் போனால் சரியாகிவிடும் என்கிறார்களே?

லேசான குமட்டல் சில மீட்டர் கீழே போனதும் அடங்குவது உண்மைதான். வாந்தி எடுத்துக் களைத்தவர் இறங்கக் கூடாது. கீழே போய் வாந்தி வந்தால் டேங்கின் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காதீர்கள். வாந்தி முடிந்ததும் உடம்பு தானாகவே மூச்சை இழுக்கும், வாயில் ரெகுலேட்டர் இல்லையென்றால் இழுப்பது தண்ணீரை. கையால் அழுத்திப் பிடித்து அதற்குள்ளேயே எடுங்கள், அதன் முகப்பில் காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பொத்தானை அழுத்திச் சுத்தம் செய்யுங்கள், அடைத்துக்கொண்டால் மாற்று ரெகுலேட்டருக்கு மாறுங்கள். குமட்டல் மாத்திரைகளில் பல தூக்கம் தருபவை. காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டையில் வாய் உலரும், பார்வை மங்கும், சிலருக்குக் குழப்பமும் வரும். இதையும் முன்கூட்டியே நிலத்தில் சோதிக்க வேண்டும்.

பல் அடைத்து எத்தனை நாள் கழித்து?

சாதாரண அடைப்பு என்றால் ஒரு நாள். பல் பிடுங்கியிருந்தால் குழி நன்றாக ஆறும்வரை, பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம். மேல்கடைவாய்ப் பல் என்றால் வேர் சைனஸை ஒட்டியிருக்கும், பல் மருத்துவரிடம் முக்குளிப்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

சளியோடு இருக்கும் நாளில், குழாய் வழியே மூச்சுவிட்டு நீர்மட்டத்தில் மிதக்கும் ஸ்நார்க்கலாவது செய்யலாமா?

காய்ச்சலும் இருமலும் இல்லையென்றால் செய்யலாம். மேலேயே மிதந்தால் அழுத்த மாற்றம் இல்லை. எதையாவது பார்த்துவிட்டு மூச்சடக்கித் தலைகுப்புறப் பாயக் கூடாது, அந்த இரண்டு மீட்டரே போதும் காதைக் கெடுக்க. உங்கள் மவுத்பீஸை யாருக்கும் தராதீர்கள்.

காது கெட்டுவிட்டது. மறுபடி எப்போது? விமானத்தில் திரும்பலாமா?

காது நிரம்பினாற்போல் இருப்பது, குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்பது, விழுங்கும்போது களக் களக் என்பது, இவை நடுச்செவியில் நீர் கட்டியதன் அடையாளம். செவிப்பறை கிழிந்திருந்தால், அந்தத் தருணத்தில் குளிர்ந்த நீர் உள்ளே புகுந்து தலை கிறுகிறுத்திருக்கும், வலி சட்டென்று குறைந்திருக்கும். இரண்டிலும் மூக்கை மூடி ஊதிப் பார்க்காதீர்கள், காதில் நீங்களாக எதையும் விடாதீர்கள், குளிக்கும்போது நீர் புகாமல் பாருங்கள். மருத்துவர் கருவியால் செவிப்பறையைப் பார்க்கட்டும். சிவந்து மட்டும் இருந்தால் ஒன்றிரண்டு வாரம். கிழிந்திருந்தால் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும், ஆனாலும் இரண்டு மாதம்வரை ஆகலாம், மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே இறங்க வேண்டும். தலைசுற்றல் நீடித்தாலோ, காது இரைந்தாலோ, கேட்கும் திறன் குறைந்தாலோ அது உட்செவி. வாரக்கணக்கு பார்க்காமல் அன்றே போக வேண்டும்.

விமானத்தின் உள்ளே அழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். கெட்ட காது அதையும் தாங்காமல் போகலாம், மருத்துவர் பார்த்த பிறகு ஏறுங்கள். காது நன்றாக இருந்தாலும், அழுத்தத் தளர்வு நிறுத்தம் (நைட்ரஜன் வெளியேற, ஏறும் வழியில் கட்டாயமாக நின்று காத்திருப்பது) தேவைப்படாத ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பிறகு 12 மணி நேரமும், பல முறை அல்லது பல நாள் இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் காத்திருப்பது பொதுவாக ஏற்கப்பட்ட குறைந்த அளவு.

எல்லோரும் தயாராக நிற்கும்போது "எனக்கு முடியவில்லை" என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. என்ன சொல்வது?

"இன்றைக்கு நான் இறங்கவில்லை." இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. யாரும், எப்போதும், காரணம் சொல்லாமல் ஒரு முக்குளிப்பைக் கைவிடலாம் என்பது பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தரும் விதி. ஏன் என்று துருவிக் கேட்பவர் அந்த விதியை மீறுகிறார். முடிந்தால் காலைச் சோதனை முடிந்ததுமே சொல்லிவிடுங்கள், உங்கள் கூட்டாளிக்கு வேறு துணை ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்கும். பயணத்தைத் திட்டமிடும்போதே முக்குளிப்பில்லாத ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொண்டால் தயக்கம் பாதியாகும்.

நீருக்குள் போன பிறகு தெரிந்தால், விரல்களை விரித்து உள்ளங்கை கீழே பார்க்க, கையை இரு பக்கமும் ஆட்டுங்கள். பிறகு சுட்டுவிரலால் காதைக் காட்டுங்கள். கூட்டாளி அந்த இடத்திலேயே நின்று, உங்களோடு ஒரு மீட்டர் ஏறி, காத்திருப்பார். திறக்கவில்லையென்றால் கட்டைவிரலை மேலே காட்டுங்கள், இருவரும் சேர்ந்தே ஏறுங்கள்.